மூன்றாவது வருஷம் கிடையாது

எங்கள் டொலிடோவில் ஹாமர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்துகிறவர்கள் மொத்தம் ஏழு பேர். தாங்கள்தான் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். பெயர் டுவேன். பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

சந்தேகம் இருந்தால் ஆட்ட நாளன்று காலை ஒன்பது மணிக்கு மைதானத்தின் 'எஃப்' வண்டி நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள். வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டி, ஒரு பக்கம் போலிஷ் சாசேஜும் இன்னொரு பக்கம் ஏரி மீனும் வெந்துகொண்டிருக்கும். அந்தப் புகைக்கு நடுவே பிளம்பரும் பல் வைத்தியரும் பீர் டப்பாவும் கையுமாக நின்று, ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்கிற அடுத்த வருஷத்துச் சம்பள உச்சவரம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். சொந்த மகளின் கல்யாணத்துக்கு இப்படிக் கவலைப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

இந்தக் கவலையில் எங்களுக்கெல்லாம் தலைவர் லெஸ்டர் சாபோ. வயது ஐம்பத்தாறு. கம்பளம் விரிக்கும் தொழில். கம்பளத்தைச் சுவர் ஓரம் வரை விறைப்பாக இழுக்க ஒரு கருவி உண்டு. அதன் பல்லைக் கம்பளத்தில் பதித்துவிட்டு, பின்பக்கத்தை முழங்காலால் ஓங்கி உதைக்க வேண்டும். ஓர் அறைக்கு நூறு உதை என்று வையுங்கள். லெஸ்டர் முப்பத்தொரு வருஷமாக உதைத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் முழுக்க எங்களுக்கு ஒரே பேச்சுத்தான்: டெமாரியஸ் ஹோல்கம். எங்கள் ரன்னிங் பேக். அதாவது, பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு நூற்றைம்பது கிலோ இருக்கிற ஐந்தாறு பேர் நிற்கும் இடமாகப் பார்த்துத் தலையைக் கொடுத்து ஓடுகிறவன். அவன் புண்ணியத்தில்தான் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தோம். அந்த வாரம் ஊரில் அறிமுகமில்லாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஹோல்கம் புது ஒப்பந்தம் கேட்டான்.

"மூணு வருஷமாம்! மூணு கோடியே அறுபது லட்சம் டாலராம்! நம்ம பணம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று லெஸ்டர் சாசேஜைத் திருப்பிப் போட்டார்.

"நம்ம பணமா?" என்றார் அவர் மனைவி டோரீன். மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம வீட்டு வெந்நீர் ஹீட்டர் ரெண்டு வருஷமா ஒழுகுது. அதுக்கு இல்லாத பணம் இவனுக்கு எங்கேர்ந்து வருது?"

"உனக்குப் புரியாது டோரீன். இது அணியோட எதிர்காலம்."

"மாமா சொல்றது கரெக்ட்டு," என்றான் கேரி. டோரீனின் தம்பி. காப்பீட்டுக் கம்பெனியில், நொறுங்கிய கார்களைப் பார்த்து 'இது ஏற்கெனவே இப்படித்தான் இருந்தது' என்று எழுதிக் கொடுக்கும் வேலை. "இருபத்தேழு வயசு ஆயிடுச்சு அக்கா. ரன்னிங் பேக்குக்கு அது கிழட்டு வயசு."

"உனக்கு நாப்பத்திமூணு. இன்னும் எங்க வீட்டுலதான் துணி துவைக்கிற."

லெஸ்டர் இடுக்கியை நீட்டிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார். அந்தத் தீர்ப்பை நான் மனப்பாடமாகவே சொல்வேன். "ஆயிரத்து நானூறு தடவை பந்தைத் தூக்கிட்டு ஓடியிருக்கான். முழங்கால் தேஞ்சுபோச்சு. நேத்து ஓடினதுக்கு நாளைக்குச் சம்பளம் குடுக்க முடியாது. ரெண்டு வருஷம் குடுக்கலாம். மூணாவது வருஷம் கிடையாது."

சொல்லிவிட்டு, கீழே விழுந்த ரொட்டியை எடுக்கக் குனிந்தார். இரண்டு முழங்காலும் சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் போட்டன. நிமிர்வதற்கு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் முதுகில் ஹோல்கமின் இருபத்தெட்டாம் எண் சட்டை. எங்களில் யாருக்கும் இதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை. எனக்கும்தான்.

லெஸ்டருக்குச் சர்ச், மீன்பிடி, சீட்டாட்டம் என்று எந்தப் பழக்கமும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு நாற்காலி. 114ஆம் பகுதி, மூன்றாம் வரிசை, ஏழாம் இருக்கை. ஆட்டக்காரர்கள் ஓடிவரும் குகை வாசலுக்கு நேர் மேலே. வருஷச் சந்தா கட்டி இருபத்தொன்பது வருஷமாக அது அவருடையது, பக்கத்தில் எட்டு என்னுடையது. டிசம்பரில் அந்தக் கான்கிரீட் தரை காலைக் கடித்துத் தின்னும் என்பதால், இருக்கைக்கு அடியில் அளவெடுத்து வெட்டிய கம்பளத் துண்டு ஒன்றைப் பதித்து வைத்திருந்தார். சாயம்போன சிவப்பு நிறம். ஓரமெல்லாம் ஒழுங்காக மடித்து ஒட்டியது. காசு வாங்கிக்கொண்டு போட்ட எந்தக் கம்பளத்தையும் அவர் அவ்வளவு சுத்தமாகப் போட்டதில்லை என்று டோரீன் சொல்வார்.

அங்கிருந்துகொண்டு, ஹோல்கம் குகையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் கத்துவார்: "முழங்காலைப் பாத்துக்கடா தம்பி!" எழுபதாயிரம் பேர் போடுகிற சத்தத்தில் அது யார் காதில் விழப்போகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியில் லெஸ்டருக்குக் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. 'ரசிகர் ஆலோசனை மன்றம்' என்று ஒன்றை அமைத்திருக்கிறார்களாம். பன்னிரண்டு உறுப்பினர்கள். ஹோல்கம் ஒப்பந்தம் பற்றி ரசிகர்களின் குரலைக் கிளப் கேட்க விரும்புகிறதாம். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு 'சாட்சி ரசிகரை' அழைத்து வரலாம். சாட்சியாக நான் போனேன், கூட்டம் கிளப்பின் நிலவறையில், லெஸ்டரால் அந்தப் படிகளைத் தனியாக இறங்க முடியாது என்பதால்.

எல்லோருக்கும் முதலில் ஒரு ஜாக்கெட் கொடுத்தார்கள். பிறகு, கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று பதினான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து அணியின் பாட்டைப் பாடச் சொன்னார்கள். பாட்டு முடிந்ததும் பிரெஸ்டன் விட்கோம்ப் வந்தார். ரசிகர் மெய்யன்பு மதிப்பீட்டுத் துறையின் துணைத்தலைவர். முப்பத்தொரு வயது. கையில்லாத பஞ்சு மேல்சட்டை. ஆட்டத்தை நேரில் பார்க்கிற வழக்கம் இல்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். "பார்த்தா பாசம் வந்துடும். பாசம் வந்தா கணக்கு கெட்டுடும்."

எல்லோரும் தலையாட்டினோம்.

"நீங்கதான் இந்த அணியோட சொந்தக்காரங்க," என்று ஆரம்பித்தார். "சட்டப்படி இல்லை. பத்திரப்படி இல்லை. லாபத்துலயும் இல்லை. ஆனா மனசளவுல நீங்கதான். அதனால இந்த முடிவை நீங்கதான் எடுக்கப்போறீங்க. முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு. நீங்க எப்படி அந்த முடிவுக்கு வந்தீங்கங்கறதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்."

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் முழங்கால் வைத்திருந்தார்கள். அதைக் கையிலெடுத்து, "இது ஹோல்கமோட முழங்கால் மாதிரி. அவரோடது இவ்வளவு நல்லா இல்லை," என்றார். முழங்கால் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. ஆளுக்கொரு தரம் மடக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவர் அதை முகர்ந்தும் பார்த்தார்.

பிறகு வாக்குச் சீட்டு. அதில் இரண்டு கட்டங்கள். 'விடுவிக்கலாம்.' 'நன்றியுடன் விடுவிக்கலாம்.'

மார்ஜ் என்கிற ஓய்வுபெற்ற நூலகர் அம்மா கையைத் தூக்கினார். "தம்பி, 'வச்சுக்கலாம்'னு ஒரு கட்டம் இருக்கணுமே?"

"நல்ல கேள்வி. சீட்டுல இடம் பத்தலைம்மா."

அப்போதுதான் லெஸ்டர் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எஃப் நிறுத்தத்துத் தீர்ப்பை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நேத்து ஓடினதுக்கு நாளைக்குச் சம்பளம் இல்லை. மூணாவது வருஷம் கிடையாது. பிரெஸ்டன் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் கண் கலங்கியவர் மாதிரி மூக்கை உறிஞ்சினார். "இதைத்தான் நாங்க ஆறு மாசமா ஒரு ஆலோசனைக் கம்பெனிக்குக் காசு குடுத்து எழுதச் சொல்லிட்டிருந்தோம். நீங்க சும்மா சொல்லிட்டீங்க!"

பதினோரு பேர் நன்றியுடன் விடுவித்தார்கள். மார்ஜ் தன் சீட்டில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, அதில் டிக் போட்டுக் கொடுத்தார். அது செல்லாத ஓட்டு. அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை, ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டுத்தான் கடிதம் வந்தது.

ஹோல்கமைச் செவ்வாய்க்கிழமை விடுவித்தார்கள். நாற்பது நொடி நன்றிப் படம் ஒன்று வெளியிட்டார்கள். அதில் பதினைந்து நொடி ஒரு பீட்சாக் கடையின் விளம்பரம். மறுவாரம் நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பதடி உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. அதில் லெஸ்டரின் முகம், ஜாக்கெட்டோடு. கீழே கொட்டை எழுத்தில்: 'நேத்து ஓடினதுக்கு நாளைக்குச் சம்பளம் குடுக்க முடியாது. – லெஸ்டர் சாபோ, உண்மையான ரசிகர்.'

லெஸ்டர் அன்று தேவையே இல்லாமல் அந்தச் சாலையில் மூன்று தரம் போய்வந்தார். பெட்ரோல் பங்க்கில் ஆட்கள் கைகொடுத்தார்கள். வானொலியில் மாலை நேர விளையாட்டு விவாதம் நடத்தும் பிக் ரான் டெட்மர் அவரை 'நம்ம ஊர் ஞானி' என்று சொன்னார். கம்பளம் போடக் கூப்பிட்டவர்களிடம்கூட லெஸ்டர் ஒப்பந்த யோசனை சொல்ல ஆரம்பித்தார். டோரீன் மட்டும் பலகையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பையனும் இந்த வழியாத்தானே வீட்டுக்குப் போவான்," என்றார். 

மார்ச் மாதம் எனக்கும் லெஸ்டருக்கும், இன்னும் பல ஆயிரம் பேருக்கும் இன்னொரு கடிதம் வந்தது. 'இருக்கை வைத்திருப்போர் திறன் மதிப்பீட்டு முகாம். அரைக்கால் சட்டையில் வரவும்.'

அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, கை நீளம் அளந்து, அரைக்கால் சட்டையோடு மேடையில் நிறுத்திக் குறிப்பெடுப்பது எங்கள் நாட்டு வழக்கம். அதை நாங்கள் தொலைக்காட்சியில் நான்கு நாள் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். 'தொடை போதாது', 'இடுப்பு கட்டை' என்று சோபாவிலிருந்து சொல்வோம். இந்தத் தடவை சோபா எங்களிடம் இல்லை.

உள்ளரங்கப் பயிற்சிக் கூடம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது வயது ஆண்களும் பெண்களும் அரைக்கால் சட்டையில், நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு, வரிசையில் நின்றோம். ஒரு பெண் என் உள்ளங்கையை விரித்து அளந்தார். எந்தக் கையில் எத்தனை பீர்க் கோப்பைகளைச் சிந்தாமல் சுமக்க முடியும் என்பதற்கு. நாற்பது படிகளை நொறுக்குத் தீனித் தட்டோடு ஏறி இறங்கச் சொன்னார்கள். பிறகு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாகப் போட்டு, எதிரணியின் மூன்றாவது முயற்சி என்று நினைத்துக்கொண்டு கத்தச் சொன்னார்கள். எதிரணிக்குப் பந்தை முன்னேற்ற நான்கு முயற்சிகள்தான். மூன்றாவதில் அவர்களுக்குக் காது கேட்காதபடி கத்திக் குழப்புவதுதான் பரம்பரை பரம்பரையாக எங்கள் உத்தியோகம். லெஸ்டர் கூண்டுக்குள் போய்க் கத்தினார். கண்ணாடிக்கு வெளியே வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கருவி தொண்ணூற்று நான்கு டெசிபல் காட்டியது.

"போன வருஷம் மைதானத்துல நூத்திமூணு," என்றார் குறிப்பெடுத்தவர், தன் பக்கத்திலிருந்தவரிடம். லெஸ்டரிடம் இல்லை.

அடுத்தது நேர்காணல். சுருட்டை முடிப் பெண் ஒருவர் கேட்டார்: "உங்க வீடு தீப்பிடிச்சு எரியுது. அதே நேரம் எதிரணிக்கு மூணாவது முயற்சி. முதல்ல எதுக்குக் கத்துவீங்க?"

"வீட்டுக்குள்ள டோரீன் இருக்காளா?" என்று லெஸ்டர் கேட்டார்.

'தயக்கம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் ஓர் இருட்டு அறை. பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பதால் எங்கள் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள். திரைக்கு முன்னால் பிரெஸ்டன், கையில் ரிமோட். திரையில் லெஸ்டர். மைதானத்தில் எங்கள் பகுதியைப் பார்த்தபடி ஒரு கேமரா இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நவம்பர் பதினேழு, மழை. 114ஆம் பகுதி மொத்தமும் எழுந்து நிற்கிறது. நடுவில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பிரெஸ்டன் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி போட்டார்.

"இங்க என்ன நடக்குது லெஸ்டர்?"

"வலி சார். முந்தின நாள் ஒரு வீட்டுல மூணு ரூம், ஒரு மாடிப்படி... மாடிப்படின்னா உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு படிக்கும்..."

"மூணாவது முயற்சி, லெஸ்டர்."

"அடுத்ததுக்கு எந்திரிச்சுட்டேன் சார். டுவேனைக் கேட்டுப் பாருங்க. டேய் டுவேன், சொல்லேன்."

எழுந்தார் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் என்னுடைய மதிப்பீடு இன்னும் முடிந்திருக்கவில்லை. "மழையில சரியாத் தெரியலை," என்றேன்.

லெஸ்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார். "இருபத்தொம்பது வருஷம் சார். காய்ச்சலோட வந்திருக்கேன். அப்பா செத்த வாரம் வந்திருக்கேன். வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு ஆட்டம் ஜெயிச்ச காலத்துல நானும் இவனும் ஒரு பனிப்பொம்மையும்தான் உக்காந்திருப்போம். அதெல்லாம் கணக்குல வராதா?"

பிரெஸ்டன் கோப்பைத் திறந்தார். குரலில் உண்மையான மரியாதை இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். "எங்க அலுவலகச் சுவர்ல ஒரு வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கோம். 'நேத்து ஓடினதுக்கு நாளைக்குச் சம்பளம் குடுக்க முடியாது.' யார் சொன்னது தெரியுமா?"

"நான்தான்."

"ரொம்ப அழகாச் சொல்லியிருக்கீங்க." ரிமோட்டை மேசைமேல் வைத்தார். "பாருங்க லெஸ்டர், ரசிகர்கள் எங்க குடும்பம். குடும்பத்துல யார் எவ்வளவு சத்தம் போடுறாங்கன்னு அளக்காம எப்படிப் பாசம் வைக்கிறது? நாங்க யாரையும் வெளியேத்தறதே இல்லை. சிலருக்கு மைதானத்துக்கு வெளியில இருக்கற வாய்ப்பைக் குடுக்கறோம், அவ்வளவுதான்."

ஏப்ரலில் முடிவு வந்தது. எனக்கு 'தொடர்கிறது, கண்காணிப்பில்'. லெஸ்டருக்கு ஏழாம் இருக்கை ரத்து. அதற்குப் பதிலாக மேல்மாடத்தில், தூணுக்குப் பின்னால், நின்று பார்க்கும் இடம் ஒன்று தருவதாக இருந்தார்கள். ஒரு வருஷம். அதிலும் முதல் நான்கு ஆட்டங்களுக்கு மட்டுமே உறுதி. மழை பெய்தால் கிளப் ரத்து செய்யலாம். கடிதத்தின் கடைசி வரி: 'உங்கள் பங்களிப்பைப் போற்றி நாற்பது நொடி நன்றிப் படம் இணைக்கப்பட்டுள்ளது.' கடிதத்திலிருந்த இணைப்பைப் போனில் திறந்து பார்த்தோம். நவம்பர் பதினேழாம் தேதிப் படம்தான். பீட்சா விளம்பரம் மட்டும் புதிது.

லெஸ்டர் அந்தக் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து, கையால் நீவி நீவித் தட்டையாக்கிக்கொண்டே இருந்தார், சுருக்கம் விழுந்த கம்பளத்தை நீவுகிற மாதிரி.  மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுடா," என்றார். "நீ உன் இடத்தைப் பாத்துக்கிட்ட. நானா இருந்தாலும்..." மறுபடி நீவ ஆரம்பித்தார்.

ஆட்டக்காரர்கள் செய்வதையே தானும் செய்வதாக முடிவெடுத்தார். கையெழுத்துப் போடமாட்டார். பயிற்சி முகாமை வேடிக்கை பார்க்க வரமாட்டார். ஜாக்கெட்டைப் போடமாட்டார். கிளப் இறங்கி வரும் வரை புறக்கணிப்பு. கிளப்பில் யாரும் இதைக் கவனிக்காததால் போராட்டம் மிக அமைதியாக நடந்தது. ஜூன் மாதம் கேரி சொன்னான்: "மாமா, பிக் ரான் நிகழ்ச்சிக்குப் போன் பண்ணுங்க. ஊர் உங்க பக்கம் நிக்கும். நீங்க ஞானி ஆச்சே!"

ஒரு புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு, அவர்கள் வீட்டுச் சமையலறையில் லெஸ்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தார். வானொலியைச் சன்னமாக வைத்திருந்தோம். டோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். விஷயம் முன்னாலேயே பரவியிருந்தது. பிக் ரான் அன்றைய தலைப்பை அறிவித்தார்: "லெஸ்டர் சாபோ – வச்சுக்கலாமா, விட்டுடலாமா?"

முதலில் பேசியவர் ஒரு லாரி ஓட்டுநர். "சாபோ தங்கமான மனுஷன் ரான். ஆனா இது வியாபாரம்."

இரண்டாமவர் பள்ளிக்கூட ஆசிரியர். கையில் புள்ளிவிவரம் வைத்திருந்தார். "அம்பது வயசுக்கு மேல ரசிகனோட சத்தம் வருஷா வருஷம் நாலு சதவீதம் இறங்குது. கழிவறைக்குப் போறது ஏறுது. இதெல்லாம் யாரும் சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன்."

"துணிச்சலான கருத்து!" என்றார் ரான். "அடுத்தது பெரிஸ்பர்க்லேர்ந்து கேரி."

டோரீனின் கத்தி நின்றது.

"ரான், சாபோமேல எனக்கு உயிரு," என்றான் கேரி. "ஆனா அந்த இடத்துல ஒரு இருபத்திமூணு வயசு ரசிகனை உக்கார வச்சா, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. முழங்காலைப் பாத்தீங்களா? நான் பக்கத்துல இருந்து பாக்கறேன். மாடிப்படி ஏறினா வீடே கேக்குது."

"நீங்க அவருக்குச் சொந்தமா?"

"சொந்தம் வேற, சம்பள உச்சவரம்பு வேற."

"நாற்காலிக்கு ஏதுடா சம்பள உச்சவரம்பு!" என்று டோரீன் வானொலியைப் பார்த்துக் கத்தினார். "கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டு வாசப்படி மிதிக்கட்டும், அவனுக்கு இருக்கு."

நான் லெஸ்டரைப் பார்த்தேன். பயமாக இருந்தது. ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நல்ல வாதம் என்றால் ஆடுமே, அந்த ஆட்டம்.

"அடுத்த நேயர். பேரு?"

"டெமாரியஸ்."

"எந்த டெமாரியஸ்?"

"ஹோல்கம்."

வானொலியில் ரான் டெட்மர் மூன்று நொடி பேசாமல் இருந்தது அவர் தொழிலில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நான் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கேன்," என்றது அந்தக் குரல். கத்தாமல், மெதுவாகப் பேசியது. "வேற டீம் இன்னும் கிடைக்கலை. அந்தப் போர்டைத் தாண்டித்தான் தினமும் முழங்கால் டாக்டர்கிட்டப் போறேன். அந்தப் பெரியவர் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். போர்டு வச்சதுனால இல்லை. அவரு எங்க குகைக்கு மேல உக்காந்திருப்பாரு, காலுக்குக் கீழ ஒரு செவப்புக் கம்பளம் இருக்கும். நான் வெளிய வர்றப்பல்லாம் 'முழங்காலைப் பாத்துக்கடா தம்பி'ன்னு கத்துவாரு. மத்தவங்கல்லாம் பாயிண்ட் எடு, ஜெயி, பந்தயம் கட்டியிருக்கேன்னு கத்துவாங்க. அஞ்சு வருஷத்துல என் முழங்காலைப் பத்திக் கவலைப்பட்டது எங்கம்மாவும் அவரும்தான்."

"அவர்தான் உங்களை விடச் சொன்னதும்," என்றார் ரான். உதவி செய்கிற குரலில்.

"தெரியும். படிக்கத் தெரியும் எனக்கு. இருந்தாலும் சொல்றேன், அந்த மனுஷனுக்கு அந்த நாற்காலியக் குடுங்க. மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுங்க. சம்பாதிச்சிருக்காரு."

டோரீன் சமையல் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தார். லெஸ்டரின் முகம் சிவந்திருந்தது. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். இத்தனை மாதமும் அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை ஊரே சொல்லாமல் இருக்க, இந்தப் பையன் சொல்லிவிட்டான்.

"உணர்ச்சிவசப்பட்ட கருத்து," என்றார் ரான். "சரி, வரிசையில யார் இருக்கா பாக்கலாம். லெஸ், மேற்கு டொலிடோ. ஹலோ லெஸ்! நம்ம ஞானியேதான் வந்திருக்காரு! நேரம் ரொம்பக் கம்மி, படக்குன்னு சொல்லுங்க. ஐம்பத்தாறு வயசு, இருபத்தொம்பது வருஷ ஓட்டம், ரெண்டு முழங்காலும் போச்சு. மூணு வருஷம் கேக்கறாங்க. குடுக்கலாமா?"

"ரெண்டு வருஷம்," என்றார் லெஸ்டர். "மூணாவது வருஷம் கிடையாது."

வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சொல் போய்விட்டது. முப்பது வருஷமாக அதே கேள்விக்கு அதே வேகத்தில் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. டோரீன் உரித்த உருளைக்கிழங்கைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வானொலியில் ரான், "கேட்டீங்களா! சொந்த விஷயத்துலகூட அணியோட நன்மையைப் பாக்கறாரு! இவன்யா ரசிகன்!" என்று குதித்தார். பிறகு மூட்டுவலித் தைல விளம்பரம் வந்தது.

மறுநாள் கிளப் ஓர் அறிக்கை விட்டது. திரு. சாபோ தாமாகவே முன்வந்து இருக்கையை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை அது பாராட்டியது.

ஆகஸ்டில் ஆட்டங்கள் தொடங்கின. லெஸ்டர் இப்போதும் எஃப் நிறுத்தத்துக்கு வருகிறார். சாசேஜ் சுடுகிறார். ஒப்பந்தப் பேச்சு வந்தால் அடுப்பைக் கிளறப் போய்விடுகிறார். சட்டை மட்டும் அதே இருபத்தெட்டு. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நாங்கள் உள்ளே போக, அவர் வண்டியில் உட்கார்ந்து வானொலி கேட்கிறார்.

ஏழாம் இருக்கையில் இப்போது இருபத்திமூன்று வயசுப் பையன். பெயரைக் கேட்டேன், சொன்னான், மறந்துவிட்டது. கம்பளத் துண்டைக் கிளப் ஆட்கள் சுரண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். லெஸ்டர் ஒட்டினது, முழுசாக வரவில்லை. ஓரத்தில் விரல் நீளத்துக்குச் சிவப்பு இன்னும் இருக்கிறது. பையன் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடியே இருந்தான்.

எதிரணிக்கு மூன்றாவது முயற்சி. மொத்தப் பகுதியும் எழுந்தது. நானும் எழுந்தேன். வலது முழங்காலில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வரும் மார்ச்சில் எனக்கு ஐம்பது.

நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். எங்கள் பக்கமாகத் திரும்பியிருந்த கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் சுளிக்காமல், என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.